பத்து கிலோ ஜிங்க்கும் ரெண்டு ஏக்கர் நிலமும்

போன ஞாயித்துக்கிழமை தங்கச்சி மகன் சென்னையிலேருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. மண்ணு மேல கொஞ்சம் ஆசை உள்ள பையன். மக்காச்சோளக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். விதைச்சு இருபத்தஞ்சு நாள் ஆச்சு. குனிஞ்சு ஒரு குருத்தைத் தடவிப் பார்த்துட்டு, "மாமா, இலையில ரெண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை போட்டிருக்கே, புது ரகமா? அழகா இருக்கு"ன்னான்.

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு. "அது அழகில்லடா, பசி"ன்னேன்.

அவனுக்குப் புரியல. வரப்புல உக்காந்து சொல்ல ஆரம்பிச்சேன், இருட்டுற வரைக்கும் போச்சு. நீங்களும் பட்டணத்துலேருந்து இதைப் படிக்கிறவங்கதானே, உங்களுக்கும் சொல்லலாம்னு தோணுச்சு. இது ஒரு சத்தோட சரித்திரம். அந்தச் சரித்திரம் எங்க வீட்டுக்கு நேரத்துக்கு வந்து சேராததால நாங்க ரெண்டு ஏக்கர் நிலத்தை இழந்த கதையும் இதுக்குள்ள இருக்கு.

எங்க ஊர் அரியலூர் பக்கம். இங்க எல்லாம் ஒரு காலத்துல கடல். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி வத்திப் போன கடல். அதுல வாழ்ந்த சிப்பி, நத்தை எல்லாம் கல்லாகிக் கிடக்கு. வாரணவாசியில அதுக்குன்னே அருங்காட்சியகம் கட்டி வச்சிருக்காங்க, பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. அந்தக் கடல் விட்டுட்டுப் போன சொத்துதான் சுண்ணாம்பு. அதை நம்பித்தான் இத்தனை சிமெண்ட் ஆலை இங்க வந்துச்சு. ஏர் ஓட்டினா கொழுவுல 'டக்கு டக்கு'ன்னு சுக்கான் கல்லு முட்டும். அந்த மண்ணுல ஒரு சொட்டு ஆசிட் விட்டா சோடா மாதிரி பொங்கும். வீடு கட்ட நல்ல பூமி. வெள்ளாமைக்கு மட்டும் ஒரு சூட்சுமம் தெரிஞ்சிருக்கணும்.

அந்தச் சூட்சுமம் எங்க அப்பாவுக்குத் தெரியாது.

1987. அப்ப எங்க ஊரு திருச்சி ஜில்லாவுல இருந்துச்சு. நான் பத்தாவது முடிச்சுட்டு அப்பாவோட வயல்ல இறங்கி ஒரு வருஷம். மொத்தம் மூணரை ஏக்கர். கிணத்துப் பாசனம். அதுல மேற்கால இருந்த ரெண்டு ஏக்கர் சுக்கான் வயல். நட்டு மூணு வாரம் ஆகியும் பயிர் பச்சை பிடிக்கல. திட்டுத் திட்டா குட்டையா நின்னுச்சு. இளம் இலையோட நடு நரம்பு அடியில வெளுத்துப் போச்சு. கீழ் இலையில எல்லாம் துரு புடிச்ச மாதிரி பழுப்புப் புள்ளி. அதுக்கப்புறம் புள்ளி எல்லாம் ஒண்ணா சேர்ந்து இலையே செவந்து போச்சு. தூர் கட்டல. "செவட்டை அடிச்சிருச்சு"ன்னாரு அப்பா.

தாத்தா இருந்திருந்தா "தண்ணிய வடிச்சு வயலைக் காயப்போடு"ன்னு சொல்லியிருப்பாரு. அதுல பாதி உண்மை உண்டு, அப்புறம் சொல்றேன். அப்பா மருந்துக் கடைக்குப் போனாரு. கடைக்காரர் இலையைப் பார்த்துட்டு "பூச்சி"ன்னு ஒரு பாட்டில் கொடுத்தாரு. ஒரு வாரம் கழிச்சு "இது பூஞ்சாணம்"னு இன்னொண்ணு. கடைசியில "பயிருக்குச் சத்து பத்தல, டி.ஏ.பி. போடுங்க"ன்னாரு. சத்து பத்தலைங்கிறது சரிதான். எந்தச் சத்துங்கிறதுதான் தப்பாப் போச்சு. அந்த மண்ணுல டி.ஏ.பி.யைக் கொட்டக் கொட்டப் பயிர் இன்னும் மோசமா ஆச்சு. அடுத்த வருஷமும் அதே கதைதான். அம்மாவோட தோடு அடகுக்குப் போச்சு.

"மண்ணு செத்துப்போச்சு"ன்னாரு அப்பா. ஒரு தரகர் வந்து கேட்டாரு. 1988 கடைசியில அந்த ரெண்டு ஏக்கரையும் எழுதிக் கொடுத்தாச்சு. பத்திரம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிடாம படுத்துட்டாரு. நிலம் போன துக்கம்னு நினைச்சேன். அப்புறம் அம்மாகிட்ட சொல்லியிருக்காரு: "ஆகாத மண்ணை அந்த ஆள் தலையில கட்டிட்டேனே, பாவமில்லையா?"

இனி கொஞ்சம் ஊரை விட்டு வெளிய போவோம்.

வடக்க இமயமலை அடிவாரத்துல தராய்னு ஒரு பூமி. காடும் சதுப்பும் மலேரியாவும் நிறைஞ்ச இடம். சுதந்திரத்துக்கு அப்புறம் காட்டை வெட்டி, கொசுவை ஒழிச்சு, பிரிவினையில பஞ்சாப் பக்கத்துலேருந்து அகதியா வந்தவங்களை எல்லாம் அங்க குடி வச்சாங்க. அங்கதான் பந்த்நகர்ல நாட்டோட முதல் வேளாண் பல்கலைக்கழகத்தை 1960 நவம்பர் 17-ஆம் தேதி நேரு திறந்து வச்சாரு. அப்ப உத்தரப்பிரதேசம், இப்ப உத்தராகண்ட்.

புதுசாத் திருத்தின அந்தப் பூமியில நெல்லு போட்டவங்களுக்கு ஒரு தொல்லை வந்துச்சு. நட்ட ரெண்டு மூணு வாரத்துல பயிர் குட்டையாகி, இலையில பழுப்பு ஏறி, திட்டுத் திட்டா காயும். எங்க அப்பா பார்த்த அதே காட்சிதான். வெத்தலைக்குப் போடுற காசுக்கட்டி தெரியுமில்ல? அது எடுக்கிற மரத்துக்கு இந்தியில கைர்னு பேரு. அந்த நிறத்துல இலை மாறுறதால அந்தப் பக்கத்து விவசாயிங்க அதை 'கைரா'ன்னு சொன்னாங்க. ஒரு வியாதியைப் பேரு வச்சுக் கூப்பிடுறாங்கன்னாலே அது அவங்க வயித்துல எவ்வளவு அடிச்சிருக்கும்னு பாருங்க.

பந்த்நகர்ல ஒய்.எல். நெனேன்னு ஒரு விஞ்ஞானி. பயிர் நோய்த் துறைக்காரர். பூஞ்சாணம், பாக்டீரியா, வைரஸ்னு தேடுறதுதான் அவர் தொழில். அந்த ஆளு 1966-ல ஒரு முடிவு சொன்னாரு: கைரா தொத்து வியாதியே இல்ல, மண்ணுல பயிருக்கு ஜிங்க் கிடைக்கல, அவ்வளவுதான். துத்தநாகம்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்களே, அதேதான். வயல்ல நிக்கிற நெல்லுல இந்தக் குறையைக் கண்டுபிடிச்சு எழுதினது அவர்தான் முதல்ல.

வைத்தியமும் சொன்னாங்க. ஒரு ஹெக்டேருக்கு ஜிங்க் சல்பேட் 5 கிலோ, நீத்த சுண்ணாம்பு 2.5 கிலோ, ரெண்டையும் 1000 லிட்டர் தண்ணியில கலந்து இலையில தெளிக்கணும். மண்ணுல இருக்கிற சுண்ணாம்புதானே வினை, மறுபடி எதுக்குச் சுண்ணாம்புன்னு எனக்கும் முதல்ல குழப்பம்தான். ஜிங்க் சல்பேட் கரைசல் புளிப்புத் தன்மை உள்ளது, இலையைக் கருக்கிடும். அதை ஆத்தறதுக்குத்தான் கொஞ்சம் சுண்ணாம்பு.

1966-ங்கிற வருஷத்தைக் கவனிங்க. அதே வருஷம்தான் பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டுச்சு. நிறைய விளையுற ரகம் நிறைய சாப்பிடும். மூட்டை உரம் வந்துச்சு. யூரியாவும் டி.ஏ.பி.யும் மூணு சத்துல ரெண்டைக் கொடுக்கும், பொட்டாஷ் மூணாவது. ஜிங்க்கை யாரும் கொடுக்கல. தொழு உரம், தழை உரம்னு போட்ட காலத்துல தெரியாமலே கொஞ்சம் வயலுக்குத் திரும்பி வந்துக்கிட்டு இருந்தது, அதுவும் குறைஞ்சுபோச்சு. பசுமைப் புரட்சியைத் திட்டுறதுக்காக இதைச் சொல்லல. அந்த நெல்லைச் சாப்பிட்டுத்தான் நானும் வளர்ந்தேன். கணக்குல ஒரு வரி விட்டுப்போச்சு, அதைச் சொல்றேன்.

ஜிங்க் பயிருக்கு வேணும்ங்கிறது பழைய சங்கதிதான். 1869-லயே ரவுலான்னு ஒரு பிரெஞ்சுக்காரர், கருப்புப் பூஞ்சாணத்தை வளர்த்துப் பார்த்து, ஜிங்க் இல்லாம அது வளராதுன்னு சொல்லிட்டாரு. செடி கொடிக்கும் அது கட்டாயம்னு 1926-ல அமெரிக்காவுல சோமர், லிப்மன்னு ரெண்டு பேர் நிரூபிச்சாங்க. 1930-கள்ல புளோரிடாவுல மக்காச்சோளக் குருத்து வெளுத்துப் போற வியாதிக்கு ஜிங்க்தான் மருந்துன்னு தெரிஞ்சுது. என் மருமகன் அழகுன்னு சொன்னானே, அதேதான். அங்க அதுக்கு 'வெள்ளை மொட்டு'ன்னே பேரு.

இதுல எனக்குப் பிடிச்ச கதை, அமெரிக்காவுல பீக்கன்னு ஒரு கொட்டை மரத்தோட கதை. மரம் சொங்கிப் போச்சு. இரும்புச் சத்துக் குறைன்னு நினைச்சு இரும்பு சல்பேட்டைக் கரைச்சு தெளிச்சாங்க. சில இடத்துல தேறுச்சு, சில இடத்துல தேறல. ஏன்னு தேடிப் பார்த்தா, தேறின இடத்துல மருந்தைக் கரைச்சது துத்தநாக முலாம் பூசின வாளியில. வாளியிலேருந்து கரைஞ்ச ஜிங்க்தான் மரத்தைக் காப்பாத்தியிருக்கு. 1932 வாக்குல நடந்தது. நம்ம வீட்டுக் கிணத்தடியில கிடக்குற அந்தச் சாம்பல் நிற வாளிதாங்க.

சரி, சுண்ணாம்பு மண்ணுல மட்டும் ஏன் இந்தத் தொல்லை? மண்ணுல ஜிங்க் இருக்கு, வேருக்குக் கிடைக்காது. பூட்டின பெட்டியில பணம் இருக்கிற மாதிரி. மண்ணோட கார அமில அளவு ஒரு எண் ஏறினா, தண்ணியில கரையுற ஜிங்க் நூறுல ஒரு பங்காக் குறைஞ்சிடும். எங்க சுக்கான் வயல் மாதிரி எட்டைத் தாண்டின மண்ணுல வேர் எவ்வளவு துழாவினாலும் அகப்படாது. போதாததுக்குச் சுண்ணாம்புக் கல்லே ஜிங்க்கைத் தன் மேல ஒட்ட வச்சுக்கும். நெல்லு வயல்ல தண்ணி தேங்கி நிக்கிறப்ப இன்னும் கஷ்டம். அதனாலதான் தாத்தா சொன்ன 'காயப்போடு' பாதி உண்மைன்னேன். தண்ணியை வடிச்சா பயிர் கொஞ்சம் தலை தூக்கும். முழுசா ஆகாது. அதோட டி.ஏ.பி.யில இருக்கிற மணிச்சத்து அளவுக்கு மிஞ்சினா ஜிங்க் பசி இன்னும் கூடிடும். எங்க அப்பா கடன் வாங்கிப் போட்ட டி.ஏ.பி. அந்த வேலையைத்தான் செஞ்சிருக்கு.

இவ்வளவு ஆட்டம் காட்டுற சத்து எவ்வளவு வேணும் தெரியுமா? ஒரு ஹெக்டேர் நெல்லு தன் ஆயுசு முழுக்க எடுக்கிறது சில நூறு கிராம்.

நம்ம ஊருல மட்டும் இல்ல இது. துருக்கி நாட்டோட நடுப்பகுதி, கொன்யா பக்கம், கோதுமை விளையுற பூமி. அதுவும் சுண்ணாம்பு மண்ணு, மழையும் குறைவு. அங்க இஸ்மாயில் சக்மாக்னு ஒரு பேராசிரியர் 1993-ல ஜிங்க் ஆராய்ச்சியை ஆரம்பிச்சாரு. பணம் கொடுத்தது யாருன்னா நேட்டோ. ஆமா, பட்டாளத்துக் கூட்டணிதான், அதுக்கு ஒரு அறிவியல் திட்டமும் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி அங்க ஜிங்க் கலந்த உரம் கிடையாது. பத்துப் பதினஞ்சு வருஷத்துல வருஷத்துக்கு சில லட்சம் டன் போட ஆரம்பிச்சாங்க.

இது மனுஷனுக்கும் வந்து சேருது. 1958-ல ஈரான்ல ஷிராஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தாங்க. வயசு 21. பார்க்க பத்து வயசுப் பையன் மாதிரி. வைத்தியம் பார்த்தவர் ஆனந்த பிரசாத், நம்ம பீகார் பக்சர்காரர். அந்தப் பக்கத்துல இப்படி நிறைய பேர் இருந்தாங்க. சாப்பாடு முக்கால்வாசி புளிக்க வைக்காத கோதுமை ரொட்டி, அதோட மண்ணு தின்கிற பழக்கம். ரத்தசோகைன்னா இரும்புச் சத்து சரி, வளர்த்தி நின்னது எதனாலன்னு அவர் விடாம யோசிச்சு ஜிங்க்குக்கு வந்து சேர்ந்தாரு. முழுத் தானியத்துல இருக்கிற பைட்டேட்னு ஒரு பொருள் ஜிங்க்கைக் குடல்ல பிடிச்சு வச்சுக்கும். அப்புறம் எகிப்துல இதே மாதிரி பிள்ளைகளுக்கு ஜிங்க் கொடுத்துப் பார்த்தாங்க, உயரமா வளர்ந்தாங்க. 1974-ல அமெரிக்காவுல மனுஷனுக்கும் இது கட்டாயம்னு ஒத்துக்கிட்டாங்க. நெல்லுக்கு 1966, மனுஷனுக்கு 1974. குட்டைப் பயிரும் குட்டைப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே காலத்துலதான் கண்ணுல பட்டிருக்காங்க.

இந்திய மண்ணுல மூணுல ஒரு பங்குக்கு மேல ஜிங்க் குறை. தமிழ்நாட்டுல பாதிக்கு மேல. நீங்க கடையில வாங்குற அரிசி எந்த மண்ணுல விளைஞ்சதுன்னு பையில எழுதியிருக்காது. அதைத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கினா மிச்சம் இருக்கிறதும் தவிட்டோட கொஞ்சம் போயிடும். இப்ப ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிலையத்துல 'டி.ஆர்.ஆர். தான் 45'னு ஜிங்க் கூடுதலா உள்ள ரகமே 2016-ல விட்டிருக்காங்க. நல்ல சங்கதி. ஆனா ரகம் எதுவானாலும் மண்ணுல இருந்து எடுத்துத்தானே அரிசிக்குள்ள வைக்கணும்?

இப்ப எங்க வீட்டுக்கு வரேன்.

1997 கார்த்திகை. மிச்சம் இருந்த ஒன்றரை ஏக்கர்லயும் அதே செவட்டை தலை காட்டுச்சு. கைகால் விட்டுப்போச்சு எனக்கு. அப்ப புதுசா வந்திருந்த வேளாண்மை உதவி அலுவலர், சின்னப் பையன், மோட்டார் சைக்கிளை வரப்போரம் நிறுத்திட்டு வேட்டியை மடிச்சுக் கட்டின மாதிரி பேண்ட்டைச் சுருட்டிக்கிட்டு சேத்துல இறங்குனாரு. ஒரு இலையைப் பிடுங்கி அடி நரம்பைக் காட்டினாரு. "இது வியாதி இல்லண்ணே, ஜிங்க் குறை. சுண்ணாம்பு மண்ணுல சகஜம்"னாரு. இப்போதைக்கு இலையில அடிங்க, அடுத்த நடவுக்கு ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோட கலந்து, பரம்படிச்ச வயல்ல தூவிட்டு நடுங்க, டி.ஏ.பி.யோட மட்டும் சேர்க்காதீங்கன்னு சொல்லிட்டு வண்டியைக் கிளப்பிட்டாரு. அஞ்சு நிமிஷம்கூட ஆகல.

அடிச்சேன். பத்து நாள்ல குருத்து பச்சையா எழுந்துச்சு. அடுத்த வருஷம் பத்து கிலோ தூவி நட்டேன். வெள்ளை உப்பு மாதிரி இருந்தது, நாட்டுச் சர்க்கரை வாங்குற மாதிரி ஒரு பையில வாங்கிட்டு வந்தேன். அந்தப் பயிர் தூர் கட்டினதை அப்பா தினம் வந்து பார்த்துட்டுப் போவாரு. ஒரு நாள் கேட்டாரு: "என்னடா போட்ட?"

சொன்னேன்.

"எவ்வளவு?"

"ஏக்கருக்குப் பத்து கிலோப்பா. ஒரு தடவை போட்டா ரெண்டு மூணு போகத்துக்கு வரும்."

"பத்து கிலோவா"ன்னாரு. ஒண்ணும் பேசல. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு மேற்கால நடந்தாரு. நான் பின்னாடியே போனேன். எங்க பழைய வயல் இருந்த இடத்துல அப்ப பெரிய பள்ளம். சுண்ணாம்புக் கல்லு எடுத்துக்கிட்டு இருந்தாங்க. ஆகாத மண்ணுன்னு நாங்க பாவம் பார்த்து வித்த நிலத்தை, அவங்க அந்தச் சுண்ணாம்புக்காகத்தான் வாங்கியிருக்காங்க. அப்பா கரையில நின்னு கொஞ்ச நேரம் உள்ள பார்த்தாரு. "நல்ல மண்ணுடா அது"ன்னாரு. திரும்பி வரும்போது வழியெல்லாம் அதைத்தான் ரெண்டு மூணு தடவை சொன்னாரு.

பந்த்நகர்ல கண்டுபிடிச்சது 1966. நாங்க நிலத்தை வித்தது 1988. நடுவுல 22 வருஷம். சிபாரிசுப் புத்தகத்துல அச்சாகியிருக்கும், கூட்டத்துல பேசியிருப்பாங்க. எங்க தெருவுக்கு வரல. எங்க தெருவுக்கு வந்தது மருந்து பாட்டில்தான். யாரையும் குத்தம் சொல்லி இப்ப ஒண்ணும் ஆகப்போறதில்ல. கடைக்காரருக்கும் தெரிஞ்சிருக்காது. நானும் பத்தாவது வரைக்கும் படிச்சவன், மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கணும்னு எனக்கே ஒரு நாள் தோணலையே. அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகுது. இப்ப ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மண்ணை எடுத்துட்டுப் போய்க் கொடுக்கிறேன்.

இத்தனையும் தெரிஞ்சும் இந்த வருஷம் மக்காச்சோளத்துக்கு ஜிங்க் போட விட்டுட்டேன். விதைப்பு நேரத்துல ஆள் கிடைக்கல, மழையும் விரட்டுச்சு, அவசரத்துல மறந்துபோச்சு. அதைத்தான் மருமகன் அழகுன்னு பார்த்தான்.

கதையைக் கேட்டுட்டு அவன் ஊருக்குப் போறதை ஒரு நாள் தள்ளிப் போட்டான். திங்கக்கிழமை காலையில அம்மாவோட சமையல்கட்டுத் தராசுல அவனே நிறுத்தான். பத்து லிட்டர் டேங்குக்கு ஜிங்க் சல்பேட் 50 கிராம், சுண்ணாம்பு 25 கிராம். பந்த்நகர் கணக்கு அதேதான், நூறுல ஒரு பங்கு. சுண்ணாம்பை முன்னாடி ராத்திரியே ஊற வச்சு, தெளிஞ்ச தண்ணியை மட்டும் ஊத்தினோம், இல்லாட்டி தெளிப்பான் மூக்கு அடைச்சுக்கும். வெயில் ஏறுறதுக்குள்ள பாதிக் காடு அடிச்சாச்சு. மீதியை நான் மறுநாள் முடிச்சேன்.

குருத்து பச்சை திரும்பினதும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கான்.